எமில் நோல்டே விவகாரம்: வரையத் தடையா, விற்கத் தடையா?

1941 ஆகஸ்ட் 23 தேதியிட்ட ஒரு கடிதம். அனுப்பியவர் அடோல்ஃப் ஸீக்லர், நாஜி அரசின் நுண்கலைச் சபைத் தலைவர். பெற்றவர் எமில் நோல்டே, வயது 74, ஓவியர். ஜெர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லையை ஒட்டிய ஸேபூல் என்ற இடத்தில் குடியிருப்பவர். உங்களைச் சபையிலிருந்து நீக்கியிருக்கிறோம், இனி நுண்கலைத் துறையில் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ நீங்கள் எந்தத் தொழிலும் செய்யக்கூடாது என்பது கடிதத்தின் சாரம்.

இதில் 'தொழில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். போருக்குப் பிறகு இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசியவர்கள் அந்தச் சொல்லை மெல்ல நழுவவிட்டார்கள். தொழில் தடை என்பது வரையத் தடை என்று ஆனது. அந்த ஒரு சொல் இடம் மாறியதில் ஒரு புராணமே எழுந்தது. அதை ஒரு நாடே சுமார் ஐம்பது ஆண்டுகள் நம்பியது. பள்ளிப் பிள்ளைகள் படித்தார்கள், பிரதமர்கள் தங்கள் அறைச் சுவரில் மாட்டினார்கள்.

புராணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நல்ல கதைதான். வயதான ஓவியர் ஒருவர் ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டில் இருக்கிறார். தூரிகையைத் தொடக்கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. எண்ணெய் வண்ணத்தில் வரைந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் யாருக்கும் தெரியாமல், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய காகிதங்களில் நீர்வண்ணத்தால் வரைகிறார், ஒளித்துவைக்கிறார். ஒன்றல்ல இரண்டல்ல, 1,300-க்கும் மேல். அவற்றுக்கு 'வரையாத படங்கள்' என்று பெயரும் வைக்கிறார். கொடுங்கோன்மை ஒழிந்ததும் அவை வெளிச்சத்துக்கு வருகின்றன.

இந்தக் கதையில் மூன்று விஷயங்கள் உண்மை. கடிதம் வந்தது. படங்கள் இருக்கின்றன, அழகாகவும் இருக்கின்றன. நாஜிகள் அவரைப் பகிரங்கமாக அவமானப்படுத்தினார்கள். கதையிலிருந்து விடுபட்டுப்போன நான்காவது விஷயம்: அவரும் ஒரு நாஜிதான்.

எல்லையில் பிறந்தவர்

நோல்டே என்பது ஆளின் பெயரல்ல, ஊரின் பெயர். 1867 ஆகஸ்ட் 7 அன்று அந்தக் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஹான்ஸ் எமில் ஹான்சென் பிறந்தார். 1902-ல் டென்மார்க்கைச் சேர்ந்த அடா வில்ஸ்ட்ரூப்பைக் கல்யாணம் செய்துகொண்ட காலத்தில் ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். அந்த ஊர் இருந்த ஷ்லெஸ்விக் பகுதி, அவர் பிறந்த சமயத்தில்தான் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் கைக்கு வந்திருந்தது. வீட்டுக்குள் ஒரு பேச்சு, பள்ளிக்கூடத்தில் வேறு மொழி என்று வளர வேண்டிய இடம். 1920-ல் பொதுவாக்கெடுப்பு நடந்து, வடக்கு ஷ்லெஸ்விக் டென்மார்க்குக்குப் போனது. அதோடு நோல்டே டேனிஷ் குடிமகன் ஆனார், சாகும்வரை அப்படியே இருந்தார். 'ஜெர்மன் கலை', 'ஜெர்மன் ஆன்மா' என்று ஆயுள் முழுக்கப் பேசிய மனிதரின் கடவுச்சீட்டு டென்மார்க்குடையது. எல்லைக்கோட்டில் நிற்கிறவர்களுக்குத் தாங்கள் எந்தப் பக்கம் என்று உரக்கச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறதோ என்னவோ. அவர் விஷயத்தில் இதை ஒரு காரணமாகச் சொல்லலாம், சாக்காகச் சொல்ல முடியாது.

ஓவியத்துக்கு அவர் வந்தது தாமதமாக. ஃப்ளென்ஸ்பர்க்கில் ஒரு மரச்சாமான் பட்டறையில் நான்கு வருடம் மரச்செதுக்கு வேலை கற்றார். அப்புறம் மியூனிக், கார்ல்ஸ்ரூ, பெர்லின் என்று தொழிற்சாலைகளில் கூலிக்கு வேலை. 1892-ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரில் தொழிற்கலைப் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே ஒரு வேடிக்கை செய்தார். ஆல்ப்ஸ் சிகரங்களுக்கு மூக்கும் முழியும் வைத்துக் கிழவர்களாக, கன்னிகளாக வரைந்து தபால் அட்டைகளாக அச்சடித்தார். ஒரு லட்சம் அட்டைகள் பத்தே நாளில் விற்றுத் தீர்ந்தன. அந்தப் பணத்தை நம்பி வேலையை விட்டார். அப்போது வயது முப்பது. மியூனிக் கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. டாக்கௌவில் அடோல்ஃப் ஹோல்ஸல் என்ற ஓவியரிடம் கொஞ்ச காலம், பாரிஸில் ஜூலியன் அகாதமியில் சில மாதங்கள், அவ்வளவுதான் பயிற்சி.

1906-ல் டிரெஸ்டனிலிருந்து அழைப்பு வந்தது. 'பாலம்' என்ற பெயரில் ஒரு குழு தொடங்கியிருந்த இளைஞர்கள், எங்களோடு சேருங்கள் என்று எழுதினார்கள். கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரொட்லுஃப் எல்லாம் இருபதுகளில் இருந்தவர்கள். இவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. கண்ணுக்குத் தெரிவதை அப்படியே பதிவது வேலையல்ல, உள்ளே கொதிப்பதை வண்ணத்தில் கொட்டுவதுதான் வேலை என்பது அவர்கள் கொள்கை. பின்னாளில் எக்ஸ்பிரஷனிசம் என்று பெயர் பெற்றது இதுதான். நோல்டே ஒன்றரை வருடத்தில் விலகிவிட்டார். கூட்டத்தோடு இருக்கும் சுபாவம் அவருக்கு இல்லை.

வண்ணத்தை என்ன செய்தார்

அவரை ஏன் இத்தனை பேர் இவ்வளவு காலம் காப்பாற்றத் துடித்தார்கள் என்பதற்குப் படங்களைப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். அதனால் விவகாரத்துக்குப் போகுமுன் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

1908 குளிர்காலத்தில் யேனா அருகே கோஸ்பேடா கிராமத்தில் பனியில் உட்கார்ந்து நீர்வண்ணம் தீட்டினார். ஈரக் காகிதத்தின் மேல் பனித்துகள் விழுந்தது, வண்ணம் உறைந்து படிகமாகி, தானாக ஒரு கோலம் போட்டது. வேறு யாராவது காகிதத்தைக் கசக்கி எறிந்திருப்பார்கள். இயற்கையும் தன்னோடு சேர்ந்து வரைகிறது என்று சந்தோஷப்பட்டார் நோல்டே. அதன் பிறகு உறிஞ்சும் தன்மையுள்ள ஜப்பானியக் காகிதத்தை நனைத்து, நிறத்தை அதன் போக்கில் பரவவிட்டு, எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் தான் முடிவு செய்கிற முறையைக் கண்டெடுத்தார். மை பின்பக்கம் வரை ஊறும். அவருடைய பாப்பி மலர்களின் சிவப்பு காகிதத்தின் மேல் பூசியதாகவே தெரியாது. காகிதத்துக்குள்ளிருந்து ஊறி வருவதாகத்தான் தோன்றும்.

1909-ல் கெட்டுப்போன தண்ணீரைக் குடித்துக் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். எழுந்ததும் 'கடைசி இராவுணவு', 'பெந்தெகொஸ்தே' ஆகிய எண்ணெய் ஓவியங்களைத் தீட்டினார். அவற்றில் கிறிஸ்துவின் சீடர்களின் முகங்கள் சாந்தமான தேவாலய முகங்களாக இல்லை. மஞ்சளும் பச்சையும் சிவப்புமாக, பிதுங்கிய கண்களோடு, பரவசத்தில் வெடிக்கப்போகும் குடியானவர்களைப் போல மேசையைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். 1911-12-ல் இதன் தொடர்ச்சியாக ஒன்பது பகுதிகள் கொண்ட 'கிறிஸ்துவின் வாழ்க்கை' வந்தது. 'தீர்க்கதரிசி' என்ற மரச்செதுக்கு அச்சு 1912-ல். அந்த ஒட்டிய கன்னத்தில் மரத்தின் ரேகைகளே சுருக்கங்களாக நிற்கும். பட்டறையில் உளி பிடித்த கை அது என்று பார்த்ததும் தெரியும்.

1910-ல் பெர்லின் 'பிரிவினைக் குழு' என்ற ஓவியர் சங்கம் தன் கண்காட்சியில் 'பெந்தெகொஸ்தே'யைச் சேர்க்க மறுத்தது. குழுவின் தலைவர் மாக்ஸ் லீபர்மான், யூதர், அன்றைய ஜெர்மனியின் பெரிய ஓவியர். நோல்டே அவரைத் தாக்கி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். குழு அவரை வெளியேற்றியது. வெளியேற்றத்துக்கு எதிராக, நோல்டேயின் பக்கம் நின்று பேசியவர் லீபர்மானே என்பது இந்தக் கதையின் விசித்திரம். ஆனால் நோல்டேயின் மனத்தில் அது வேறு விதமாக உறைந்தது: யூத ஓவியர்களும் யூத வியாபாரிகளும் சேர்ந்து ஒரு ஜெர்மன் கலைஞனை நசுக்கப் பார்த்தார்கள். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவரையும் அவர் சகாக்களையும் ஆரம்பத்தில் தாங்கிப்பிடித்தவர்களில் ரோஸா ஷபீரே என்ற யூதக் கலை வரலாற்றாளரும் உண்டு.

இன்னொரு பயணத்தையும் சொல்ல வேண்டும். 1913-14-ல் ஜெர்மன் காலனித் துறையின் மருத்துவக் குழுவோடு அடாவும் அவரும் ரஷ்யா, சீனா, ஜப்பான் வழியாக நியூ கினிக்குப் போனார்கள். ஐரோப்பியர்கள் அந்த மக்களை அழிக்கிறார்கள், அவர்கள் கலைப்பொருட்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று அவர் மனம் கசந்தார். அதே சமயம் அவர்களை வரைய உட்கார்ந்தபோது கைத்துப்பாக்கியைப் பக்கத்திலேயே வைத்திருந்தார். இது அவரே எழுதியது. ஒவ்வொரு இனமும் தன் இடத்தில் தூய்மையாக இருக்க வேண்டும், கலப்புதான் கேடு என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியிருந்தது. நியூ கினியில் அது அனுதாபமாகத் தெரிந்தது. பெர்லினில் அதற்கு வேறு முகம்.

1933-லிருந்து 1941 வரை

ஹிட்லர் பதவிக்கு வந்தபோது நோல்டேவுக்கு அறுபத்தைந்து வயது. தன் காலம் வந்துவிட்டது என்றே நினைத்தார். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. எக்ஸ்பிரஷனிசம்தான் உண்மையான வடதிசை ஜெர்மன் கலை, அதையே புதிய ஆட்சியின் கலையாக்க வேண்டும் என்று நாஜி மாணவர் அமைப்பில் ஒரு பிரிவு பெர்லினில் கூட்டம் போட்டு வாதாடியது. பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கும் நோல்டேயின் படங்கள் பிடித்திருந்தன. ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஷ்பேர் தன் நினைவுக்குறிப்பில் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. கோயபல்ஸின் வீட்டை அலங்கரிக்கத் தேசியக் கலைக்கூடத்திலிருந்து நோல்டேயின் நீர்வண்ணங்களை இரவல் வாங்கி மாட்டினாராம். கணவனுக்கும் மனைவிக்கும் பரம திருப்தி. ஹிட்லர் வந்து பார்த்து முகம் சுளித்தார். உடனே கோயபல்ஸ் ஷ்பேரைக் கூப்பிட்டு, இதையெல்லாம் இந்த நிமிஷமே எடுத்துவிடு என்றார். நாஜி அரசுக்குள் நடந்த கலைச் சண்டை எப்படி முடிந்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி வேண்டாம்.

இந்த நாட்களில் நோல்டே செய்தவற்றை வரிசையாகப் பார்த்தால் வயிறு கலங்கும். 1933-ல் தன் பழைய சகாவான மாக்ஸ் பெக்ஷ்டைன் ஒரு யூதர் என்று பிரச்சார அமைச்சக அதிகாரி ஒருவரிடம் சொன்னார். அது பொய். பெக்ஷ்டைன் தன் பூர்வீகத்தை நிரூபிக்க அலைய வேண்டியிருந்தது. நோல்டே சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. அதே ஆண்டு, யூதர்களை ஜெர்மனியிலிருந்து அகற்றி வேறு இடத்தில் குடியேற்ற ஒரு திட்டத்தையே உட்கார்ந்து எழுதினார், ஹிட்லரிடம் கொடுக்கும் எண்ணத்தோடு. 1934-ல், ஹிட்லரின் கையில் முழு அதிகாரமும் சேர்வதை ஆதரித்துக் கலைஞர்கள் விட்ட அறிக்கையில் கையெழுத்திட்டார். டேனிஷ் குடிமகன் என்பதால் ஜெர்மன் கட்சியில் நேரடியாகச் சேர முடியாது, எல்லைக்கு அந்தப் பக்கமிருந்த வடக்கு ஷ்லெஸ்விக் நாஜி அமைப்பில் அதே ஆண்டு உறுப்பினரானார். தன்வரலாற்றின் இரண்டாம் பாகத்தையும் 1934-ல் வெளியிட்டார். லீபர்மான் சண்டையைப் பற்றிய பக்கங்களில் யூத வெறுப்பு பச்சையாக இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தி எழுதவைத்ததல்ல.

பிறகுதான் இடி விழுந்தது. 1937-ல் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து நவீன ஓவியங்களை அள்ளினார்கள். நோல்டேயின் படைப்புகள் மட்டும் 1,052. வேறு எந்தக் கலைஞரிடமிருந்தும் இத்தனை பறிபோகவில்லை. ஜூலை 19 அன்று மியூனிக்கில் 'சீரழிந்த கலை' கண்காட்சி திறந்தது. குறுகலான அறைகள், கோணலாக மாட்டிய படங்கள், சுவரில் கேலி வாசகங்கள். 'கிறிஸ்துவின் வாழ்க்கை' அங்கே முக்கியமான இடத்தில் தொங்கியது. மியூனிக்கில் மட்டும் இருபது லட்சம் பேருக்கு மேல் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கண்காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு எழுபது வயது நிறைந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் இந்த விவகாரத்தின் மையம். அதே ஆண்டு, ஹிட்லரின் வானொலிப் பேச்சைக் கேட்ட கையோடு ஓவியர் மாக்ஸ் பெக்மான் ஆம்ஸ்டர்டாமுக்குக் கிளம்பிவிட்டார். சுவிட்சர்லாந்தில் இருந்த கிர்ஷ்னர் மறு ஆண்டு தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். நோல்டே 1938 ஜூலையில் கோயபல்ஸுக்குக் கடிதம் எழுதினார். என்னை இழிவுபடுத்துவதை நிறுத்துங்கள், ஜெர்மன் கலையில் அந்நியர் ஊடுருவியதை எதிர்த்து அந்தக் காலத்திலேயே வெளிப்படையாகப் போராடியவன் நான், கட்சி உறுப்பினரும்கூட என்பது அதன் பொருள். கொடுமையை எதிர்த்த கடிதமல்ல இது. ஆள் தெரியாமல் அடிக்கிறீர்கள், நான் உங்கள் ஆள் என்று முறையிட்ட கடிதம். முறையீடு ஓரளவு வேலையும் செய்தது: சுற்றுக்கு விட்ட கண்காட்சியிலிருந்து பிறகு அவர் படங்கள் விலக்கப்பட்டன. அவருக்குச் சொந்தமான 'கிறிஸ்துவின் வாழ்க்கை' 1939-ல் வீடு திரும்பியது.

வியாபாரமும் நிற்கவில்லை. அருங்காட்சியகம் வாங்காது, ஆனால் தனியார் வாங்கினார்கள், 1940 வரை நன்றாகவே வாங்கினார்கள். அது சபையின் கண்ணை உறுத்தியது. சமீபத்தில் வரைந்தவற்றை அனுப்புங்கள், பார்க்க வேண்டும் என்றார்கள், அனுப்பினார். விளைவுதான் அந்த ஆகஸ்ட் மாதக் கடிதம்.

வீட்டுக்குள் நடந்தது

கடிதம் தடுத்தது விற்பதை, காட்சிக்கு வைப்பதை, அச்சிடுவதை. சபை உறுப்பினர் இல்லையென்றால் போர்க்காலப் பங்கீட்டில் வண்ணமும் கித்தானும் கிடைப்பது கஷ்டம். எழுபத்து நாலு வயது மனிதருக்கு இது லேசான அடியல்ல. ஆனால் சொந்த வீட்டில் அவர் வரைவதை அது தடுக்கவில்லை. இரகசியப் போலீஸ் ஸேபூலுக்கு வந்து தூரிகை ஈரமாக இருக்கிறதா என்று சோதித்ததற்கு ஆய்வாளர்கள் ஆதாரம் எதையும் காணவில்லை. எண்ணெய் வாசனைக் கதைக்கும் வேர் இல்லை. போர்க்காலத்தில் அவர் சில எண்ணெய் ஓவியங்களும் தீட்டியிருக்கிறார்.

சிறு நீர்வண்ணங்களில் பலவற்றுக்கு அந்தக் கடிதத்தைவிட வயது அதிகம். முப்பதுகளின் தொடக்கத்திலிருந்தே இப்படிச் சின்னச் சின்னதாகப் போட்டு வைத்துக்கொள்வது அவர் பழக்கம். நேரம் வரும்போது எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக்கலாம் என்பது எண்ணம். இன்னும் பெரிய படமாக வரையாதவை, அதனால் 'வரையாத படங்கள்'. பெயருக்கு இவ்வளவுதான் பொருள். தடைக் கதையோடு ஒட்டிப் படித்தபோது அதே பெயருக்குத் தியாகத்தின் சாயல் ஏறிவிட்டது. அவற்றில் அவர் தேதி போடாததும் வசதியாகப் போயிற்று.

அந்தச் சிறு படங்களில் இருப்பது என்ன? இரண்டு உருவங்கள் நெருங்கி நிற்கின்றன, ஒன்று எதையோ யோசிக்கிறது, ஒன்று விலகப் பார்க்கிறது. கிழவனும் இளம்பெண்ணும். கடற்பேய்கள். வைக்கிங் வீரர்கள். எரியும் கோட்டைகள். கிறிஸ்துவும் சீடர்களும் அதில் இல்லை. தன் மகத்தான படைப்புகள் என்று நோல்டே கருதியவை விவிலியப் படங்கள்தான். நாஜி ஆட்சி கால்கொண்ட பிறகு அவற்றை ஏறக்குறைய விட்டுவிட்டு நார்டிக், அதாவது வட ஐரோப்பியப் புராணங்களுக்கு மாறினார். ஒளிந்து வரைகிறவர் யாரும் தடைசெய்தவர்களுக்குப் பிடித்த விஷயத்தையே தேர்ந்தெடுப்பாரா? எனக்கு இந்த ஆதாரம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. கடிதங்களுக்கு இரண்டு அர்த்தம் சொல்லலாம், பயத்தில் எழுதியது என்று சமாதானம் சொல்லலாம். யாருக்கும் காட்டாத காகிதத்தில் ஒருவர் என்ன வரைகிறார் என்பதற்கு அப்படிச் சமாதானம் சொல்வது கடினம்.

ஆட்சி தன்னை ஒதுக்கிய பிறகும், 1945-ல் அது விழும்வரையில், நோல்டே ஜெர்மனியின் வெற்றியை நம்பினார். யூதச் சதி பற்றிய பேச்சையும் விடவில்லை. தனிப்பட்ட கடிதங்களிலும் குறிப்புகளிலும் அது பதிவாகியிருக்கிறது.

கதை கட்டியவர்கள்

போர் முடிந்தது. 1946-ல், நாஜித் தொடர்புள்ளவர்களை விசாரித்த நாஜி நீக்கக் குழுவின் முன் நோல்டேயின் பெயர் வந்தது. நாஜிகள் இவர் கலையைச் சீரழிந்தது என்றார்கள், ஆகவே இவர் நாஜிகளுக்கு எதிரி என்ற கணக்கில் விடுவித்துவிட்டார்கள். அதே ஆண்டு ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் அரசு அவருக்குக் கௌரவப் பேராசிரியர் பட்டம் தந்தது. நவம்பரில் அடா இறந்தார். 1948-ல், எண்பது வயதில், இருபத்தாறு வயது யோலாந்தே எர்ட்மானை மணந்தார். சிறு நீர்வண்ணங்களை எடுத்துவைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய் ஓவியங்கள் தீட்டினார். 1952-ல் 'பூர் லெ மெரிட்' விருது வந்தது. 1955-ல் காஸலில் நடந்த முதல் டாக்குமெண்டா நவீன கலைக் கண்காட்சியில் படங்கள் இடம்பெற்றன. 1956 ஏப்ரல் 13 அன்று ஸேபூலில் காலமானார்.

கதையை ஒருவர் மட்டும் கட்டவில்லை. தொடங்கிவைத்தவர் நோல்டேதான், தன்னை ஒடுக்கப்பட்டவராகவே அவர் எப்போதும் பார்த்தார். மறைவுக்குப் பிறகு ஸேபூலில் அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை அதைப் பேணியது. தன்வரலாற்றின் மறுபதிப்புகளில் யூத வெறுப்புப் பகுதிகள் பல காணாமல் போயின. 1963-ல் கலை வரலாற்றாளர் வெர்னர் ஹாஃப்ட்மான் சிறு படங்களைப் பற்றி எழுதிய நூல்தான் இரகசிய ஓவியர் பிம்பத்துக்குக் கண் திறந்தது. டாக்குமெண்டாவின் மூளையாக இருந்த ஹாஃப்ட்மானே நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவர் என்பது அண்மை ஆண்டுகளில்தான் பொதுவெளியில் பேச்சானது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிதாக ஆச்சரியம் வரவில்லை. கறை உள்ளவருக்குத்தான் அடுத்தவர் துணி எவ்வளவு வெளுத்தால் போதும் என்று தெரியும்.

1968-ல் ஸீக்ஃப்ரீட் லென்ஸ் எழுதிய 'ஜெர்மன் பாடம்' நாவல் வந்தது. வடகோடிக் கிராமம், மாக்ஸ் லுட்விக் நான்சென் என்ற ஓவியர், அவருக்கு வரையத் தடை, அதை அமல்படுத்தும் போலீஸ்காரர், அவருடைய மகன். ஹான்சென் என்ற இயற்பெயரும் நான்சென்னும் எவ்வளவு பக்கம் பாருங்கள். நாவல் லட்சக்கணக்கில் விற்றது, வகுப்பறைக்குள் போனது. கடமை என்ற பெயரில் மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பதுதான் லென்ஸின் விசாரணை, அந்த அளவில் அது பெரிய நாவல். ஆனால் வாசகர்கள் நான்சென்னைப் படித்து நோல்டேயைத் தெரிந்துகொண்டதாக நினைத்தார்கள். கற்பனைப் பாத்திரத்துக்கு விதித்த தடை நிஜ மனிதருக்கு விதித்ததாகிவிட்டது.

இத்தனைக்கும் நோல்டேயின் தன்வரலாற்றின் 1934 பதிப்பு நூலகங்களில் இருந்தது. தேடினால் கிடைக்கும், யாரும் தேட விரும்பவில்லை. காரணம் நோல்டே மட்டுமல்ல. மேற்கு ஜெர்மனிக்கு அப்போது ஒரு சமன்பாடு தேவைப்பட்டது: நாஜிகள் நவீன கலையை வெறுத்தார்கள், ஆகவே நவீன கலை நாஜி எதிர்ப்பு, ஆகவே அதை இன்று கொண்டாடும் நாம் திருந்தியவர்கள். இதில் முதல் வரி பாதி உண்மை. மற்ற இரண்டும் ஆசை. 'சீரழிந்த கலைஞர்' என்ற வசை போருக்குப் பின் நன்னடத்தைச் சான்றிதழாக மாறியது இப்படித்தான். அந்தச் சான்றிதழ் நோல்டேவுக்கு மட்டுமல்ல, படத்தைச் சுவரில் மாட்டியவர்களுக்கும் சேர்த்தே உதவியது. பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் நோல்டேயின் பெரிய ரசிகர்.

2019

2013-ல் கிறிஸ்டியான் ரிங் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்த பிறகு ஸேபூலின் ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்தன. கலை வரலாற்றாளர் அயா ஸொய்க்கா, வரலாற்றாசிரியர் பெர்ன்ஹார்ட் ஃபுல்டா இருவரும் கடிதக் கட்டுகளுக்குள் மூழ்கினார்கள். அவர்கள் கண்டவை 2019 ஏப்ரலில் பெர்லினின் ஹாம்பர்கர் பான்ஹோஃப் அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வந்தன. படங்களும் ஆவணங்களும் பக்கத்தில் பக்கத்தில். தலைப்பிலேயே அதை 'ஒரு ஜெர்மன் புராணம்' என்று சொல்லிவிட்டார்கள்.

மேலே நான் சொன்னவற்றில் பாதிக்கு மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக முன்பே தெரிந்தவைதான். கட்சி உறுப்பினர் என்பது தெரியும், கோயபல்ஸ் கடிதம் தெரியும். ஆனால் அதுவரை எழுதியவர்கள் இவற்றைச் சறுக்கல், முதுமையின் பேதைமை, அரசியல் அறியாத கலைஞனின் குழப்பம் என்று அடிக்குறிப்பில் ஒதுக்கினார்கள். ஸொய்க்காவும் ஃபுல்டாவும் காட்டியது அதன் தொடர்ச்சியை. 1910-ன் மனக்கசப்பிலிருந்து 1945 வரை ஒரே நூல்தான் ஓடுகிறது. அவரோடு அடாவும் அதே தீவிரத்தோடு இருந்தார்.

சரி, படங்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு இரண்டு சுலபமான பதில்கள் உண்டு. கலை வேறு கலைஞன் வேறு என்று கைகழுவுவது ஒன்று. எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைப்பது இன்னொன்று. முதலாவது பதில் நோல்டே விஷயத்தில் எடுபடாது, ஏனென்றால் வைக்கிங் படங்களில் அரசியல் காகிதத்திலேயே ஊறியிருக்கிறது, அந்தப் பாப்பிச் சிவப்பு போலவே. இரண்டாவது பதில் எனக்கு ஒப்பவில்லை. 1909-ன் 'பெந்தெகொஸ்தே'யில் ஒரு யூத எதிர்ப்பாளர் யூத மீனவர்களான சீடர்களை வரைந்திருக்கிறார், தன் ஆயுளில் வேறு எவரையும் அவ்வளவு நேசத்தோடு அவர் வரைந்ததில்லை. இந்த முரணை இருட்டறையில் வைத்தால் யார் பார்ப்பது? பொய்யான குறிப்பட்டையோடு மாட்டியதுதான் இத்தனை நாள் நடந்த தவறு. 'தடைக்காலத்தில் இரகசியமாக வரைந்தது' என்ற ஒற்றை வரி, பார்க்கிறவரின் கண்ணையே திருப்பிவிட்டது. அந்த உருவங்களின் முகத்தில் பயத்தையும் துயரத்தையும் தேடச் சொன்னது, தேடியவர்கள் கண்டும்பிடித்தார்கள்.

பெர்லின் கண்காட்சிக்குச் சில படங்களை இரவல் கேட்டார்கள். அதில் 1936-ல் தீட்டிய 'உடையும் அலை' ஒன்று. பச்சையும் கறுப்புமாகக் கடல் எழும்பி நிற்க, மேலே தீப்பிடித்த வானம். பிரஷ்யப் பண்பாட்டுச் சொத்து அறக்கட்டளைக்குச் சொந்தமான அந்தப் படம் அப்போது தொங்கிக்கொண்டிருந்தது பிரதமர் ஆங்கெலா மெர்க்கலின் அலுவலக அறையில். கூடவே 1915-ஐச் சேர்ந்த ஒரு பூந்தோட்டப் படமும் இருந்தது. கேட்டது ஒன்றைத்தான், மெர்க்கல் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்ப மாட்டப்போவதில்லை என்றும் தெரிந்தது.

காலியான இடத்துக்குக் கார்ல் ஷ்மிட்-ரொட்லுஃபின் இரண்டு படங்களை யோசித்தார்கள். 'பாலம்' குழுவைச் சேர்ந்தவர், நோல்டேயைப் போலவே 1941-ல் சபையிலிருந்து நீக்கப்பட்டவர், கட்சியில் சேராதவர். அதற்குள் முதல் உலகப்போர்க் காலத்தில் அவர் எழுதிய கடிதங்களில் யூத எதிர்ப்பு வரிகள் இருப்பதைச் செய்தித்தாள்கள் எழுதின. அந்த யோசனையும் நின்றது. பிரதமரின் அறையில் அந்த இரண்டு இடங்களிலும் எதையும் மாட்டவில்லை.